காற்று வரும் பக்கம்

பங்குனி பிறந்துவிட்டால் வெள்ளிக்கிழமை இரவுகளில் பெங்களூரை ஒட்டிய சந்தாபுரா சர்க்கிளில் நிற்க இடம் இருக்காது. மாரியம்மன் திருவிழாக்கள், பங்குனி உத்திரம், பிள்ளைகளின் முழுப்பரீட்சை விடுமுறை என்று ஊருக்குப் போகக் காரணங்கள் வரிசையாக வரும் மாதம் இது. பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகளில் ஷிப்ட் முடித்தவர்கள், எலெக்ட்ரானிக் சிட்டி அலுவலகங்களில் இருந்து வருகிறவர்கள், கட்டட வேலைக்கு வந்த குடும்பங்கள் என்று ஓசூர் சாலையோரம் எங்கும் தமிழ் கேட்கும். அத்திப்பள்ளி தாண்டினால் தமிழ்நாடு. ஓசூர் பதினைந்து கிலோமீட்டர்தான்.

இவர்களில் கடலூர், நாகப்பட்டினம், ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கத்துக்காரர்களும் உண்டு. அவர்கள் ஊருக்குப் போன் போட்டு வெயிலைப் பற்றி விசாரிப்பதைக் காது கொடுத்துக் கேட்டால் விசித்திரமாக இருக்கும். அந்த முனையில், “வெயில் கொளுத்துது, ஆனா காத்து இருக்கு” என்பார்கள். இந்த முனையில், “இங்க வெயில் அவ்வளவு இல்ல, ஆனா ரூமுக்குள்ள இருக்க முடியல” என்பார்கள். இரண்டுமே உண்மை. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே இருக்கும் விஷயத்தை நம் ஊர்களைக் கட்டுகிறவர்களும் ஆள்கிறவர்களும் கணக்கில் எடுத்துக்கொள்ளாததால்தான், தாங்கக்கூடிய முன்கோடை தாங்க முடியாததாகிக்கொண்டிருக்கிறது.

தெர்மாமீட்டரை மட்டும் பார்த்தால் இது புரியாது. ஏப்ரலில் சென்னையின் சராசரிப் பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். பெங்களூரில் 34 டிகிரியை ஒட்டி. பகலில் பெரிய வித்தியாசம் கிடையாது. இரவில்தான் இரண்டும் பிரிகின்றன. சென்னை 26 டிகிரிக்குக் கீழே இறங்கத் தயங்கும்போது பெங்களூர் 22 வரை இறங்கிவிடும். சந்தாபுரா கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் மேலே போனால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது வானிலையின் பொதுக் கணக்கு. பீடபூமிக்காரர்களுக்கு உயரம் ஒரு சொத்து என்றால், கடலோரத்துக்காரர்களுக்குக் காற்று ஒரு சொத்து.

பதினொரு மணிக் காற்று

கடலோர முன்கோடையின் ஒரு நாளைப் பார்ப்போம். காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கும். காற்று அசையாது. மணல், தார்ச்சாலை, மொட்டைமாடி எல்லாம் வேகமாகச் சூடேறும். கடல் அப்படிச் சூடேறாது. ஒரே அளவு வெப்பத்தை வாங்கினாலும் தண்ணீர் மண்ணைவிட மிக மெதுவாகத்தான் சூடாகும்; அலைகள் அந்தச் சூட்டை ஆழத்துக்கும் கலந்துவிடும். நிலத்தின் மேலிருக்கும் காற்று சூடாகி மேலே எழும்ப, அங்கே அழுத்தம் குறைகிறது. கடல் மேலிருக்கும் குளிர்ந்த காற்று அந்த இடத்தை நிரப்ப உள்ளே வருகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் சென்னையில் இது பெரும்பாலும் உச்சிப்பொழுதுக்கு முன்பே நடந்துவிடும். பத்தரை, பதினொரு மணிக்கு ஜன்னல் திரைச்சீலை அசையும். வேப்பமரம் சலசலக்கும். ஏறிக்கொண்டே போன வெப்பம் அங்கேயே நின்றுவிடும்.

அந்தக் காற்று நாள் முழுக்க ஒரே திசையில் இருந்து வருவதில்லை. தொடங்கும்போது நேர் கிழக்கில் இருந்து வரும். பூமியின் சுழற்சியால் மெல்ல மெல்ல வலஞ்சுழியாகத் திரும்பி, சாயங்காலம் தென்கிழக்காகவும் பிறகு தெற்காகவும் மாறும். மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் மாலையில் உட்கார்ந்திருப்பவர்களின் கூந்தலை வடக்குப் பக்கம் பறக்க வைப்பது இந்தத் தெற்குக் காற்றுதான். இரவில் ஆட்டம் தலைகீழாகும். நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிட, கரையில் இருந்து கடலுக்குக் காற்று போகும். பாய்மரக் காலத்து மீனவர்கள் விடியலுக்கு முந்திய கரைக்காற்றில் கடலுக்குள் போய், பகலில் கடற்காற்றில் கரை திரும்பினார்கள். அவர்களுக்கு இதை யாரும் பாடமாக நடத்தவில்லை, பாய்தான் நடத்தியது.

இந்தக் காற்று வரும் நேரம்தான் கடலோர நகரத்தின் வெப்பத்தைத் தீர்மானிக்கிறது. சென்னைக்காரர்கள் வெப்ப அளவை மட்டும் விசாரிக்கிறார்கள். அன்றைக்குக் கடற்காற்று எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்பதை விசாரிப்பதே இல்லை. மே மாதம் பிறந்ததும் மேற்கில் இருந்து வரும் தரைக்காற்று வலுக்கத் தொடங்கும். சூடான, வறண்ட அந்தக் காற்று கடற்காற்றைக் கரையிலேயே தடுத்து நிறுத்தும். காற்று பதினொரு மணிக்குப் பதில் இரண்டு மணிக்கு வந்தால் அன்று 40 டிகிரி தாண்டிவிடும். வராமலே போனால் இன்னும் மோசம். வங்கக்கடலில் புயல் உருவாகி வடக்கே நகரும்போது, அது நிலத்தின் வறண்ட காற்றையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். மழையை எதிர்பார்த்திருந்த சென்னைக்குக் கொதிக்கும் நாட்களே கிடைக்கும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. கடலை ஒட்டியே இருக்கும் ஒரு நகரத்தில், கடல் உதவிக்கு வராத ஒரு பகலில் என்ன ஆகும் என்பதற்கு அதுவே சாட்சி.

முன்கோடை அப்படியல்ல. மார்ச் பாதியில் தொடங்கி ஏப்ரல் முடியும்வரை, வெயிலும் காற்றும் ஒருசேர இருக்கும் பருவம் அது. கடலூரில் இருந்து ராமேஸ்வரம் வரை பனங்காடுகள் இரைந்துகொண்டே இருக்கும். துணி அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். நுங்கு வந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையேறி நிற்க, வலைகளைப் பிரித்துப்போட்டுச் சரிசெய்யும் நேரம். குப்பங்களில் ராத்திரிப் படுக்கை வீட்டுக்கு வெளியே, மணலில். உடம்பு பகலில் வாங்கிய சூட்டை இறக்கிவைக்க அந்த மணலும் காற்றும் போதும்.

கடற்காற்றில் ஒரு சிக்கலும் இருக்கிறது. அது குளிர்ச்சியை மட்டும் கொண்டுவருவதில்லை, ஈரத்தையும் சுமந்து வருகிறது. வியர்வை ஆவியாகும்போதுதான் உடம்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை காயாது. வீசும் காற்று இருக்கும்வரை சமாளிக்கலாம். அது நின்ற நொடியில் புழுக்கம் தொடங்கும், சட்டை முதுகோடு ஒட்டும், மூச்சு கனக்கும். இதனால்தான் இந்திய வானிலை ஆய்வுத் துறை, சமவெளியில் குறைந்தது 40 டிகிரி இருந்தால்தான் வெப்ப அலை பற்றிப் பேசும் என்றாலும், கடலோரத்துக்கு 37 டிகிரியிலேயே, அது வழக்கத்தைவிட நாலரை டிகிரி கூடுதலாகவும் இருந்தால், அந்த எச்சரிக்கையைத் தருகிறது. ஈரத்தோடு சேர்ந்த 37, வறண்ட 40-க்குச் சளைத்ததல்ல.

அப்படியிருக்க, சென்னையின் கடலோரக் குப்பங்களிலும் ஆற்றங்கரைகளிலும் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியபோது, வேலையும் பள்ளிக்கூடமும் தூரமாகிப்போனது பற்றியாவது பேச்சு எழுந்தது. காற்றை இழந்தது பற்றி யாரும் பேசவில்லை. நெருக்கியடித்து நிற்கும் அடுக்குமாடிகளின் நடுவே, ஒரே பக்கம் ஜன்னல் உள்ள அறைக்குள், கடல் சில கிலோமீட்டர் தள்ளி இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிட்டது.

வெயிலும் காற்றும் விளைவிப்பது

காற்றோடு கூடிய இந்த வெயிலை நம்பியே ஒரு தொழில் இருக்கிறது. தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் உப்பளங்களில் இதுதான் விளைச்சல் காலம். கடல் தண்ணீரைப் பாத்தியில் இருந்து பாத்திக்கு மாற்றி மாற்றிக் காயவைத்து, உப்புச் செறிவை ஏற்றுவார்கள். அதை அளக்கும் போமே அளவில் மூன்று, மூன்றரை டிகிரியில் தொடங்கும் தண்ணீர் இருபத்தைந்தைத் தொட்டால் உப்பு பூக்கும். வெயில் மட்டும் இருந்து காற்று இல்லாவிட்டால் ஆவியாதல் மந்தமாகிவிடும். நாட்டின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்குக் கிடைப்பதற்கு இந்தக் கரைகளின் காற்று முக்கியக் காரணம்.

வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகமும் இதே பருவத்தில்தான் நடந்தது. 1930 ஏப்ரல் 13-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியில் இருந்து புறப்பட்ட தொண்டர்கள், சித்திரை வெயிலில் காவிரிக் கரை ஊர்கள் வழியே நடந்து 28-ம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30-ம் தேதி உப்பு அள்ளினார்கள். அள்ளுவதற்கு உப்பு தயாராக இருந்த மாதம் அது.

அதே உப்பளத்தில், கண்ணைக் கூசவைக்கும் வெள்ளைப் பரப்பில், வெறுங்காலோடு வாருபலகை இழுப்பவர்களின் உடம்பு கொடுக்கும் விலையையும் சொல்ல வேண்டும். வெயிலில் உழைத்துப் போதிய தண்ணீர் குடிக்காமல் இருப்பதால் இவர்களின் சிறுநீரகம் பாதிக்கப்படுவதைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கள ஆய்விலேயே காட்டியிருக்கிறார்கள். ஒதுங்க நிழல், குடிக்கத் தண்ணீர், பெண்களுக்குக் கழிப்பறை என்று அவர்கள் கேட்பதெல்லாம் மிகச் சின்ன விஷயங்கள். காற்று இருக்கிறது என்பதைக் காரணம் காட்டி நிழலை மறுக்கக் கூடாது.

மேடேறும் ஈரம்

கடற்கரைக்கும் சந்தாபுராவுக்கும் நேர்க்கோட்டில் சுமார் 270 கிலோமீட்டர். கடற்காற்று இவ்வளவு தூரம் வராது. சில பத்துக் கிலோமீட்டர் உள்ளே வந்ததும் ஓய்ந்துவிடும். ஆனால் கடலின் ஈரம் வரும்.

முன்கோடையில் வங்கக்கடலின் மேல் உயரழுத்தம் நிலைகொள்ளும். அதைச் சுற்றி வரும் தென்கிழக்குக் காற்று, தமிழகக் கரையில் ஈரத்தை அள்ளிக்கொண்டு கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பீடபூமிக்கு மேடேறும். மறுபக்கம் வடமேற்கில் இருந்து வறண்ட காற்று இறங்கும். கர்நாடகத்தின் உட்பகுதியில் இந்த இரண்டும் மோதும் கோட்டை வானிலைக்காரர்கள் தினமும் வரைபடத்தில் தேடுவார்கள். பகல் வெயில் கொதிக்கக் கொதிக்க, அந்தக் கோட்டை ஒட்டி ஈரக்காற்று செங்குத்தாக எழும்பும். நாலு மணிக்குத் தென்கிழக்கு மூலையில் கருக்கும். முதலில் புழுதியோடு ஒரு குளிர்ந்த காற்று அடிக்கும். கடைக்காரர்கள் தார்ப்பாயை இழுத்துப் பிடிப்பார்கள். பிறகு இடி; பெருந்துளி; சில சமயம் ஆலங்கட்டி. அரை மணி நேரத்தில் வெப்பம் மளமளவென இறங்கியிருக்கும்.

மாம்பழ மழை என்று சொல்வது இதைத்தான். கிருஷ்ணகிரியின் பெங்களூரா மாமரங்களில் காய் பருத்துவரும் நேரம். அளவாகப் பெய்தால் காய் திரளும், காற்று மிஞ்சினால் தோப்பு முழுக்கக் காய் உதிர்ந்து கிடக்கும். விவசாயிக்கு ஒவ்வொரு மாலையும் திக்கென்று இருக்கும். குடகிலும் சிக்மகளூரிலும் காப்பிச் செடி பூப்பதும் இந்த மழையை நம்பித்தான். சென்னைக்கு மே கடைசியில் வெயில் உச்சம் தொடும்போது பெங்களூருக்கு ஏப்ரலிலேயே உச்சம் முடிந்துவிடுவதற்கும் இதுவே காரணம்: மே மாதத்தில் மழை சூட்டைத் தணித்துவிடும்.

அந்த மழை வராத ஆண்டு எப்படி இருக்கும் என்பதை 2024-ல் பார்த்தோம். அந்த ஏப்ரலில் பெங்களூர் நகர வானிலை நிலையத்தில் மழையே பதிவாகவில்லை. 1983-க்குப் பிறகு அப்படியொரு ஏப்ரல் இல்லை. மாதக் கடைசியில் வெப்பம் 38.5 டிகிரிக்குப் போனது. 2016 ஏப்ரலில் பதிவான 39.2 டிகிரிதான் அந்நகரின் உச்சம். மார்ச்சிலேயே ஆழ்துளைக் கிணறுகள் வற்றியிருந்தன. மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கும் சந்தாபுரா போன்ற ஊர்களில் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பதே அன்றாட வேலையாயிற்று. வெயிலைத் தாங்க முதலில் வேண்டியது குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர். அதற்கே காசு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

ஷீட் கூரைக்குக் கீழே

சந்தாபுரா இருக்கும் ஆனேக்கல் தாலுகாவின் இந்தப் பகுதி ஒருகாலத்தில் ராகி வயலும் தைலமரத் தோப்பும் ஏரிகளுமாக இருந்தது. மேட்டு நிலம், தடையில்லாத காற்று. ஏப்ரல் பகலில் 34 டிகிரி இருந்தாலும் மரத்தடியில் உட்கார்ந்தால் தெரியாது, ராத்திரி போர்வை கேட்கும். உயரமும் வறட்சியும் காற்றும் சேர்ந்து கொடுத்த வசதி அது. உயரம் அப்படியே இருக்கிறது. காற்றுதான் போய்விட்டது.

பிரதான சாலையில் இருந்து உள்ளே திரும்பினால் புரியும். முப்பதுக்கு நாற்பது மனையில் நான்கு மாடி. பக்கத்து மனையிலும் அதேபோல் நான்கு மாடி. நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் இடைவெளி. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். மொட்டைமாடியில் மிஞ்சிய இடத்தில் சிமென்ட் ஷீட் போட்டு வரிசையாக அறைகள். வாடகை அங்கேதான் குறைவு என்பதால் புதிதாக வந்தவர்கள் அங்கேதான் குடியேறுகிறார்கள். பகல் முழுக்கச் சூரியன் காய்ச்சிய ஷீட், சூட்டை நேராகக் கீழே இறக்கும். மின்விசிறி அந்தச் சூட்டுக்காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். உடம்பைவிட அறைக்காற்று சூடாகிவிட்டால் மின்விசிறியின் பலன் தேயத் தொடங்குகிறது. 40 டிகிரிக்கு மேல் அதனால் கெடுதலே என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து படுப்பவர்கள் இந்த அறைகளில்தான் பகலில் தூங்க வேண்டும். பலர் தூங்குவதே இல்லை. தூங்காத கண்ணோடு மறுபடியும் இயந்திரத்துக்கு முன்னால் போய் நிற்கிறார்கள்.

ஏரியின் மேலிருந்து வரும் காற்றாவது குளுமை தர வேண்டும். அதையும் கெடுத்துவிட்டோம். தொழிற்சாலைக் கழிவும் சாக்கடையும் கலந்த சந்தாபுரா ஏரியைக் காப்பாற்றத் தவறியதற்காக, 2022 அக்டோபரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. ஏரிக்காற்று வரும் பக்கம் ஜன்னல் வைத்திருப்பவர்கள், அந்த நாற்றத்துக்குப் பயந்து ஜன்னலைச் சாத்த வேண்டியிருக்கிறது. கோடையில் ஒரு குடும்பம் தன் ஜன்னலைத் தானே சாத்திக்கொள்ளும்படி ஆக்குவதைவிடப் பெரிய கொடுமை என்ன இருக்கிறது?

இத்தனைக்கும் அரசுக் கணக்கில் இந்த ஊரின் வெயில் பெரிய விஷயமாகவே தெரியாது. சமவெளிக்கான வெப்ப அலை வரம்பு 40 டிகிரி. பெங்களூர் நகர நிலையம் இதுவரை 40-ஐத் தொட்டதே இல்லை. வானிலை நிலையத்தின் கருவி திறந்தவெளியில், காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கிறது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆனால் ஷீட் அறைக்குள் இருக்கும் சூட்டை அந்தக் கருவியிடம் கேட்டுப் பயனில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவர்களின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று ஆணையிட்டது. நல்ல ஆணை. சாவுக்குப் பிறகு வரும் பணத்தைவிட, முன்னால் வரும் காற்று மலிவானது.

அது எப்படி வரும் என்பதில் ரகசியம் எதுவும் கிடையாது. ஈர வெப்பப் பகுதிகளில் அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் திறப்பு இருக்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பே சொல்கிறது. மனையைச் சுற்றி இடம் விட வேண்டும் என்ற விதி எல்லா ஊரிலும் ஏட்டில் இருக்கிறது. கூரையில் வெள்ளைப் பூச்சு அடித்தால் சூடு கணிசமாகக் குறையும் என்பதால் தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக் கொள்கையே கொண்டுவந்தது. சுண்ணாம்புக்கும் தூரிகைக்கும் ஆகும் செலவு, ஒரு மாத ஷீட் அறை வாடகையைத் தாண்டாது. கடலோர நகரங்களில் கரையை ஒட்டி நெடுஞ்சுவராகக் கட்டடங்கள் எழுப்ப அனுமதி கேட்கும்போது, பின்னால் இருக்கும் தெருக்களுக்குக் காற்று எந்த வழியாகப் போகும் என்று ஒரு கேள்வி கேட்கலாம். ஓசூர் சாலையின் இருபுறமும் இனி வரப்போகும் மனைப்பிரிவுகளுக்கும் அந்தக் கேள்வி பொருந்தும். 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. இனி இங்கே நிலம் இன்னும் நெருக்கப்படும். கேட்க வேண்டிய நேரம் இதுதான்.

தொழிற்சாலைகளும் வீட்டுச் சொந்தக்காரர்களும் அரசுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பகல் தூக்கம் தேவைப்படுகிறவர்களுக்கு ஷீட் அறை கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமானால் பங்குனிக்கு முன் கூரைக்கு வெள்ளையடியுங்கள். எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு வையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் மதியம் பன்னிரண்டு முதல் மூன்று வரை வெளிவேலையை நிறுத்துங்கள்.

சந்தாபுராவிலோ வேளச்சேரியிலோ இந்தக் கோடையில் வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாலையில் போகாதீர்கள், மதியம் இரண்டு மணிக்குப் போங்கள். அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் உள்ளே நில்லுங்கள். காற்று வரவில்லை என்றால், வரவில்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். நாலு பேர் அப்படிச் சொன்னால் ஐந்தாவது வீட்டில் ஜன்னல் வைப்பார்கள்.